வெட்கத்தின் மீது பழி போடாதீர்கள்

"ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு முகாம் பெண்கள் வராததற்கு அவர்களுடைய வெட்கமும் அறியாமையுமே காரணம்." தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைப் பற்றி நண்பர் ஒருவர் வைக்கும் வாதம் இது. தவறான வாதம் மட்டுமல்ல, இரக்கமற்ற வாதமும்கூட.

வெட்கம்தான் தடையென்றால் திண்டுக்கல்லுக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார்? 2000இல் தொடங்கி அந்த மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்களுக்கு அழைப்புப் போனது. 31,343 பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். அந்த ஏழைப் பெண்களுக்கு வெட்கம் இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் ஆட்கள் வீடுதேடிப் போய் விளக்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். முடிவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என 2007இல் லான்செட் இதழில் ஆய்வு வெளியானது.

முகாம் பெண்ணின் கணக்கே வேறு. வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. பரிசோதனைக்கு ஒரு நாள் போகும். சந்தேகம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினால் இன்னும் சில நாள் போகும். அதிகாரிகள் தணிக்கைக்கு வரும் நாளில் ஆள் முகாமில் இல்லாவிட்டால் உதவித்தொகைக்கே ஆபத்து. இந்த நெருக்கடியில் எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுப்பவளைத்தான் நண்பர் அறியாதவள் என்கிறார்.

பரிசோதனைத் திட்டங்கள் எங்கும் முதலில் தேடுவது பெயர்ப் பட்டியலை. முகாம்களில் அது தயாராக இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் யார், என்ன வயது, எந்த வீடு என்பதெல்லாம் அரசின் பதிவேட்டில் உண்டு. தலை எண்ண ஆள் அனுப்ப முடிந்த அரசுக்கு ஒரு செவிலியரை அனுப்ப முடியாதா? தணிக்கை நாளில் வேண்டாம், அச்சம் கலந்துவிடும். வேறொரு நாளில் அனுப்பட்டும். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய மாநிலம்தானே இது!

வெட்கத்துக்கும் வழி உண்டு. இந்நோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைக் கண்டறிய, பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அதைக் கேட்டு நண்பர் ஒரு வரிகூட எழுதவில்லை.

எச்பிவி தொற்று புற்றாக முற்றப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும். 1990இல் படகேறி வந்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே முகாம்களில் இருக்கிறார்கள். தடுத்திருக்கக்கூடிய அத்தனை ஆண்டுகளுக்கும் அந்தப் பெண்களையே பொறுப்பாக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.