பெயர் மாறும் வாசல்கள்

லினக்ஸ் இயங்குதளத்திற் பழகிய நேயர் சிலர், “ஈத்0 என்று சுருக்கமாக இருந்த பெயரை ஈஎன்பி3எஸ்0 என்று நீட்டி முழக்கியவர் யார்?” எனச் சினந்து கொள்வதுண்டு. அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாம் நீட்டியவர் பக்கமே.

கணினி வலையமைப்போடு இணையும் வாசலை இடைமுகம் என்பர். முன்னாளில், கெர்னல் எனப்படும் லினக்ஸின் மையப்பகுதி, ஈதர்நெட் அட்டைகளைத் தான் கண்ட வரிசையிலே ஈத்0, ஈத்1 எனப் பெயர் சூட்டி வந்தது. முந்தி வந்தவன் மூத்தவன், அவ்வளவே. அட்டை ஒன்றே உடைய வீட்டுக் கணினிக்கு இதனால் இடரேதுமில்லை. இரண்டு பூண்ட கணினியிலேதான் வினை. கணினி விழிக்கும்போது அட்டைகளை இயக்கும் நிரல்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். நேற்று முந்தியது இன்று பிந்தலாம்.

ஒரு கந்தோரின் காவற் கணினியை எண்ணிப் பாருங்கள். ஈத்0 இணையத்தை நோக்கிய வாசல். ஈத்1 உள்ளிருப்போர் வாசல். முன்னதில் வருவோரை மறிக்கவும் பின்னதில் வருவோரை விடவும் தீச்சுவருக்குக் கட்டளை எழுதியாயிற்று. மின்சாரம் நின்று மீண்டதும் பெயர்கள் இடம் மாறிவிட்டன என்க. கட்டளையில் ஓரெழுத்தும் பிசகவில்லை. காவலாளியோ படலையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டாரை மறித்து நிற்கிறான்!

ஒவ்வோர் அட்டைக்கும் உரிய 48 பிட் முகவரியைக் குறித்து வைத்துப் பெயரை நிலைநிறுத்தவும் முயன்றனர். பழுதான அட்டையை மாற்றியதும் புதியது ஈத்1 ஆகி, ஈத்0 ஆளில்லாப் பெயராய் நின்றது.

2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197 ஆம் பதிப்பு, வந்த வரிசையை விட்டு, இருக்கும் இடத்தைக் கொண்டு பெயரிடத் தொடங்கிற்று. ஈஎன் என்பது ஈதர்நெட். பி3 என்பது 3 ஆம் இலக்கப் பிசிஐ பாதை. எஸ்0 என்பது அதிலுள்ள பொருத்திடம். தாய்ப்பலகையிலேயே அமைந்த அட்டையாயின் ஈஎன்ஓ1. கம்பியில்லா அட்டையாயின் டபிள்யூஎல் என்று தொடங்கும். பழுதானதை நீக்கி அதே இடத்தில் அதே வகை அட்டையை வைத்தால் பெயர் மாறாது.

முன்கூட்டி அறியத்தக்க பெயர் என்று இதனைப் புகழ்வது மட்டும் சற்று மிகை. வேறொரு புதிய அட்டையைச் செருகினால் பாதையின் இலக்கம் நகர்ந்து, பி3 என்பது பி4 ஆகவுங்கூடும். ஆகவே, காவற் கணினி வைத்திருப்போர் அட்டையின் முகவரியைக் காட்டித் தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொள்வது நலம். 15 எழுத்துகள் வரை இடமுண்டு. ஈத்0 என்ற பழம்பெயரை மாத்திரம் அவ்வாறு சூட்டலாகாது. கெர்னல் அதனை வேறோர் அட்டைக்கு முன்னரே கொடுத்திருக்கக்கூடும்.