களமும் கேட்போரும்

நூலுக்கு முகமாக நிற்பது பாயிரம். அதற்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுச் செய்திகளை அது விளக்க வேண்டுமென்றார். அவ்வெட்டனுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன்கூட்டிச் சொல்வாரும் உளர் என அவரே குறிக்கின்றார். இப்பகுதியை வகுப்பிற் பயின்றபோது எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. நூலின் பெருமையை உரைக்க வந்த இடத்தில், அதனைக் கேட்டவர் யார், அஃது அரங்கேறிய அவை யாது என்னும் வினாக்கள் எற்றுக்கு? இவ்வையத்தை எமக்குத் தீர்த்து வைத்தது அமெரிக்க நாட்டில் இடிபட்டு மறைந்த ஒரு நடனசாலையின் வரலாறு என்றால் அன்பர்கள் வியப்புறலாம்.

நியூயார்க் நகரத்து ஹார்லம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூ என்னும் பெருந்தெருவில், 1926-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சவாய் பால்ரூம் திறக்கப்பெற்றது. 140-ஆம் தெரு தொடங்கி 141-ஆம் தெரு வரை அது நீண்டு கிடந்தது. வாத்தியக் குழுக்களுக்கென அருகருகே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓய்ந்த அக்கணமே மற்றொரு குழு தொடங்குமாதலின் இரவு முழுதும் இசை அறாது ஒழுகிற்று. ஆடுவோர் அடிகள் பட்டுத் தேய்ந்த மரத்தளத்தை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது என்பர்.

அங்கு முழங்கியது ஸ்விங் என்னும் ஜாஸ் இசை. அவ்விசைக்கேற்ப லிண்டி ஹாப் என்னும் ஆடல் அத்தளத்தில் வளர்ந்தது. ஆடுவோர் இசையைக் கேட்டு ஆடினர் என்பது பாதி உண்மையே. இசைப்போரும் ஆடுவோரைக் கண்டு இசைத்தனர் என்பது மற்றைப் பாதி. புதியதோர் அடி தளத்தில் விழுந்தால் அதனை மேடையிலிருந்த முழவு உடனே பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றுவதில் வல்லவர் சிக் வெப் என்பார். இளமையிலேயே முதுகெலும்பைப் பற்றிய காசநோயால் உடல் குறுகிக் கூன் அடைந்தவர் அவர். எனினும் முழவின் முன் அமர்ந்தால் அவரை வெல்வார் அரியர். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பாடகி தம் பதினெட்டாம் அகவையளவில், 1935-இல், இவர் குழுவிற் சேர்ந்தே புகழ் பெற்றார்.

1937-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், நாடெங்கும் பெயர் பெற்றிருந்த வெள்ளையராகிய பென்னி குட்மன் தம் குழுவுடன் சவாய்க்கு வந்து வெப்புடன் இசைப்போர் நிகழ்த்தினார். உள்ளே நெருங்கிய ஆயிரவர் போக, இடம்பெறாத பல்லாயிரவர் தெருவில் நின்றனர். கூட்டத்தை அடக்கக் காவலர் வரவேண்டியதாயிற்று. வெற்றி வெப்புக்கே என்று தீர்ப்புரைத்தவர் நடுவர் அல்லர், கூடியிருந்த அவையினரே. கேட்போர் என்பார் விலை கொடுத்து வாங்கிச் செல்வார் அல்லர், ஆக்குவாருள் ஒரு பகுதியினர் என்பது அவ்விரவிற் புலப்பட்டது. பாயிரம் ஏன் அவர்தம் பெயரைக் கேட்கின்றது என்பதும் எமக்கு அப்போதே விளங்கிற்று.

இனி, களத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். சவாய்க்கு வடக்கே, அதே தெருவில், அணித்தாகவே காட்டன் கிளப் என்னும் மற்றோர் இசைச்சாலை 1923 முதல் நடைபெற்றது. டியூக் எல்லிங்டன் 1927 முதல் 1931 வரை அங்கே இசைத்துப் புகழ் எய்தினார். மேடையில் நின்றோர் கறுப்பின மக்கள். அமர்ந்து கேட்டோர் வெள்ளையர். மேடையில் உள்ளாரின் உற்றாரும் அண்டைவீட்டாரும் வாயிலிலே தடுக்கப்பட்டனர். கலையை வரவேற்றுக் கலைஞரின் சுற்றத்தை விலக்கிய களம் அது. சவாயோ தொடக்கமுதலே இரு நிறத்தாருக்கும் கதவு திறந்தது. அதன் உரிமையாளர் மோ கேல் வெள்ளையர். நடத்தியவர் சார்லஸ் புக்கானன் கறுப்பினத்தவர். உள்ளே நுழைந்தவனை நோக்கி, நீ எந்நிறத்தினன் என்று எவரும் வினவவில்லை. ஆடவல்லனோ என்பதே வினா.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழும். நடனசாலையைப் புகழ்ந்து கிறிஸ்தவ மாணாக்கர் எழுதுதல் தகுமோ என்று எம் பெரியோருள் சிலர் கேட்பர். அவர்தம் அச்சம் முற்றும் காரணமற்றது என்று யாம் சொல்லோம். இரவும் கூட்டமும் மதுவும் சேருமிடத்துத் தீமையும் வந்து சேர்தல் கூடும். ஆயினும் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஞாயிறு முற்பகல் பதினொரு மணி, தம் நாட்டில் மக்கள் நிறத்தாற் பெரிதும் பிரிந்திருக்கும் வேளைகளுள் ஒன்று என்று 1960-இல் வெட்கத்தோடு உரைத்தவர் போதகராகிய மார்ட்டின் லூதர் கிங். ஆராதனை வேளையில் ஆலயம் பிரித்து வைத்த மக்களை, அதற்கு முப்பதாண்டுக்கு முன்னரே ஒரு நடனசாலை சேர்த்து வைத்திருந்தது. ஆலயத்தைத் தாழ்த்தற்கு இதனை யாம் கூறவில்லை. அயலான் யார் என்னும் வினாவுக்கு விடையாக ஆண்டவர் நிறுத்திக் காட்டியது ஆசாரியனையோ லேவியனையோ அன்று, சமாரியனையே. அதனை அறிந்தவர்க்கு இச்செய்தி புதிதன்று.

அக்கதவு திறந்திருந்தமை எல்லார்க்கும் உவப்பாயிருந்ததில்லை. 1943-ஆம் ஆண்டு ஏப்ரலில், போர்வீரரின் ஒழுக்கம் கெடுகின்றது என்று காரணங்காட்டி அதிகாரிகள் சவாயை மூடினர். ஹார்லத்து அபிசீனியன் பாப்திஸ்து சபையின் போதகராகிய ஆடம் கிளேட்டன் பவல் வெளியிட்ட செய்தித்தாள் அக்காரணத்தை ஏற்கவில்லை. இரு நிறத்தாரும் கூடி ஆடியதே மெய்க்காரணம் என்று அது வெளிப்படையாக எழுதிற்று. அவ்வாண்டு அக்டோபரில் சாலை மீண்டும் திறக்கப்பெற்றது. ஆனால் 1958-இல் இறுதியாக மூடப்பட்டு, குடியிருப்பு மனைகள் எழுப்பும்பொருட்டு 1959-இல் இடிக்கப்பட்டது. குடியிருக்க வீடு வேண்டும். அதனை மறுப்பார் இலர். ஆயினும் ஓர் ஊரார் தம் பெருமையை அறிந்துகொண்ட இடத்தை இடித்தால் அன்றி வீடு எழாதோ என்று கேட்காமல் இருக்க இயலவில்லை. இன்று அங்கே காண்பது 2002-இல் பதித்த நினைவுப் பலகை ஒன்றே. பலகையைப் படிக்கலாம், பலகையில் ஆட இயலாது.

எல்லாக் களங்களும் அவ்வாறு அழிந்தொழியவில்லை. அதே நாட்டில், அயோவா மாகாணத்துக் கிளியர் லேக் என்னும் சிற்றூரில், 1933-இல் தோன்றிய சர்ஃப் பால்ரூம் உண்டு. 1947-இல் அது தீக்கிரையாயிற்று. ஊரவர் கைவிட்டாரில்லை, மறுவாண்டே புதிய கட்டடம் எழுந்தது. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு அங்கே பாடிய பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும், நிகழ்ச்சி முடிந்தபின் ஏறிச் சென்ற சிறு விமானம் விழ, விடியுமுன் மாண்டனர். ஹாலிக்கு அகவை 22, வேலன்ஸுக்கு 17. அச்சாலை இன்றும் நிற்கின்றது. 2021-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அம்மூவர் நினைவாகப் பிப்ரவரித் திங்கள்தோறும் மக்கள் அங்கே கூடிப் பாட்டுக் கேட்டு, அவர்கள் பாடிய அவ்விடத்திலேயே ஆடுகின்றனர். சின்னமானதால் மட்டும் அது வாழவில்லை. மக்கள் வருகின்றமையால் வாழ்கின்றது.

ஒலிப்பதிவு இருக்கக் களம் எதற்கு என்பாரும் உளர். வெப்பின் முழவை யாமும் விடுதி அறையிலே, செவியிற் கருவி பொருத்தி, ஒலிப்பதிவிலேதான் கேட்டோம். அவ்வளவேனும் கிட்டியதற்கு நன்றியுடையோம். எனினும் எம் கால் தாளமிட்டதை அவர் கண்டிலர். கண்டு முழவை மாற்றினாரிலர். தனித்துக் கேட்கும் எமக்கு இசை வருகின்றது; எம்மிடமிருந்து இசைக்கு ஒன்றும் செல்வதில்லை.

ஆதலின், மாணவத் தோழர்காள், எவ்விடத்தாயினும் நல்லிசை நேரில் நிகழுமாயின் சென்று கேண்மின். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேண்மின். கேட்குங்கால், மேடையை ஒருமுறை நோக்கிய பின் வாயிலையும் ஒருமுறை திரும்பி நோக்குமின். உள்ளே வந்தவர் யார், வெளியே நின்றுவிட்டவர் யார் என்று எண்ணுமின். கேட்போரையும் களத்தையும் கேட்ட பாயிரத்துக்கு அதுவே நாம் தரும் விடை.