டைனோ பேப்பரில் ஓடும் குதிரைகள்

கீழ்க்கட்டளை டீக்கடை பெஞ்சில் டைனோ பேப்பர் இரண்டு வந்துவிட்டால் அன்றைய மாலை காலி. ஒரே மாடல் கார்தான். ஒருவன் பேப்பரில் 104 குதிரைசக்தி, மற்றவன் பேப்பரில் 100. "மச்சி, உன் வண்டி டொக்கு!"

டொக்கு வண்டி இல்லை மக்களே, அந்த ஒப்பீடு!

டைனோ ஒன்றும் எடைத்தராசு அல்ல. உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது, அல்லது அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்துக் கணக்குப் போடும் யந்திரம். டயரில் காற்று குறைந்தாலும், கட்டும் பட்டையை இறுக்கினாலும் கணக்கு மாறும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் மாட்டும் டைனோவில் டயர் இழப்பே வராது.

அடுத்தது காற்றுத் திருத்தம். சென்னை வெயிலில் காற்று லேசாகிவிடும், எஞ்சின் சக்தியும் குறையும். அதைச் சரிக்கட்ட எஸ்ஏஇ ஜே1349 விதி 25 டிகிரி காற்றை அளவாக வைக்கிறது. பழைய ஜே607 விதியோ 15.6 டிகிரியை. ஒரே ஓட்டத்தைப் பழைய விதியில் போட்டால் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அந்த 4 குதிரைகள் எஞ்சினில் இல்லை, மவுஸ் க்ளிக்கில் பிறந்தவை!

"ரீமேப் பண்ணி 15 குதிரை ஏத்திட்டோம்" என்பவரிடம் கேளுங்கள்: முன்னும் பின்னும் அதே டைனோவா? அதே நாளா? அதே கியரா? அதே திருத்த விதியா? பதில் வராவிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். விதியின் பெயர் இல்லாத டைனோ பேப்பர், வெறும் கலர் பேப்பர்.