வேகமான கணினியும் ஊமையான கோப்புகளும்

பத்தாண்டுகள் என்னோடு உழைத்த மடிக்கணினிக்குக் கடந்த மாதம் ஓய்வு கொடுத்தேன். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு பழையதில் இல்லை. டொலர் விலையில் பொருள் வாங்குவதென்றால் என்னவென்பதை 2022 ஐக் கண்ட இலங்கையருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆயினும் வாங்கினேன்.

முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டு வருவேன். இப்போது நாற்காலியை இழுத்து அமர்வதற்குள் திரை தயாராகிவிடுகிறது. பழையதில் 4 ஜிகாபைற் நினைவகம், இதில் 32. விசிறியின் இரைச்சலே இல்லை. தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் இயங்குதளத்தோடேயே வருகின்றன. செயற்கை நுண்ணறிவை அழைக்கவென்று தனியாக ஒரு விசையும் உண்டு. முதல் நாள் முழுவதும் வியந்துகொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பழைய கோப்புகளை அதற்கு மாற்றினேன். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்புக் கரையோரத்தில் நான் எழுதிய குறிப்புகள் அவற்றில் உள்ளன. ‘நாவலடி’ என்று தேடினேன். ஒன்றுமில்லை என்றது கணினி. கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன. பாமினி எழுத்துருவை நிறுவியதும் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது, கணினிக்குத் தெரியவில்லை. அதன் கணக்கில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. பேஜ்மேக்கர் பக்கங்களோ திறக்கவே மறுத்துவிட்டன.

இது என் வீட்டுக் கதை மட்டுமாயிருந்தால் இங்கே எழுதியிருக்கமாட்டேன். நானறிந்த பத்திரிகை மேசைகள் சிலவற்றில் இன்றைய செய்தியும் இதே பாமினியில்தான் கோக்கப்படுகிறது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991 இல் வந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவோடு தந்தது. 2003 அளவில், சம்பளமில்லாத வலைப்பதிவர்கள் உலகெங்கும் ஒருங்குறியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சம்பளம் வாங்கிய நாங்கள் மட்டும் அசையவில்லை. நானுந்தான். 2010 வரை பாமினியிலேயே எழுதிச் சேமித்த குற்றவாளி நான்.

கேட்டால் இரண்டு சாட்டுகள் சொல்வார்கள். பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒருங்குறித் தமிழை ஏற்காது என்பது முதலாவது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001 இல். இன்டிசைனோ 2012 இலேயே தமிழை ஏற்றுக்கொண்டது. ஊழியரின் விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டன என்பது இரண்டாவது. விரல் பழகியது விசைகளின் இடத்துக்கு. உள்ளே சேமிக்கப்படும் குறியீட்டை விரல் அறியாது. அதே ரெங்கநாதன் தட்டச்சு முறையில் ஒருங்குறியை எழுத இலவச மென்பொருள்கள் எத்தனையோ காலமாக உள்ளன. எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கான நியமத்தை 2008 இல் நம் நாடே வகுத்தும் வைத்திருக்கிறது. ஆகவே குறைவாக இருப்பது வசதியல்ல, அக்கறைதான். அடுத்த நாள் இதழ் அச்சேறிவிட்டால் நேற்றைய இதழ் எவருக்கு வேண்டும் என்ற பழைய அச்சகப் புத்தி.

யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் அந்த நினைவுக் கட்டுரையையே எந்தத் தேடுபொறியும் படிக்கமுடியாத எழுத்துருவில் அடித்துப் பூட்டிவைக்கிறோமே, இதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது?

பத்திரிகை நிர்வாகங்கள் செய்யவேண்டியவை மூன்று. இன்று முதல் புதிய வரி ஒன்றும் பாமினியில் சேமிக்கப்படக்கூடாது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். சுரதாவின் மாற்றி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் அவை தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். அதற்குச் செலவு செய்யுங்கள். மூன்றாவது, மாற்றியவற்றில் ஒரு பிரதியை 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள்.

என் கோப்புகளை நாளொன்றுக்குப் பத்தாக மாற்றத் தொடங்கியிருக்கிறேன். நாவலடிக் குறிப்பு நேற்று முடிந்தது. தேடினேன், கணப்பொழுதில் வந்தது. உடன் அதிலிருந்த இறந்தவர்களின் பெயர்களும் வந்தன. பத்திரிகைக் காரியாலயங்களின் பழைய வன்தட்டுகளில் இப்படி எத்தனை ஊர்கள் இருக்கின்றன? அடுத்து வரும் கணினி இதைவிட வேகமாகத்தான் இருக்கும். நாம் மாற்றி வைக்காத ஊரை அதனாலும் தேடித்தர முடியாது.