குதிரை லாயத்தில் குடிமக்கள்

அமெரிக்கக் குடிமகனை அரசாங்கமே நினைத்தாலும் தொட முடியாது, அரசியல் சாசனம் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை அந்த நாட்டிலும் வேரூன்றியிருக்கிறது, அங்கே போய்க் குடியேறத் துடிப்பவர்களிடமும் இருக்கிறது. 1791-லேயே உரிமைகளை எழுதி வைத்துவிட்டார்களே என்பது அவர்கள் காட்டும் சான்று. எழுதி வைத்தது உண்மைதான். எழுத்து தானாகவே காவல் காக்கும் என்று சொல்வதுதான் பெரிய பொய்.

ஃபிரெட் கோரமாட்சுவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1919-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்து பூச்செடிப் பண்ணை நடத்தியவர்கள். மகன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்று எண்ணிட்ட ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் நிலத்தையும் விட்டு முகாம்களுக்கு ஓட்டப்பட்டார்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும்தான் எடுத்துப்போகலாம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், கைக்குழந்தைகளும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டான்ஃபோரான் பந்தய மைதானத்தில், குதிரைகள் கட்டியிருந்த லாயங்களில் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை.

உரிய சட்ட நடைமுறையில்லாமல் எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற ஐந்தாவது திருத்தம் அன்றைக்கும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் சாசனத்தில் இருந்தது.

கோரமாட்சு முகாமுக்குப் போக மறுத்தார். கைதானார், தண்டிக்கப்பட்டார், உச்ச நீதிமன்றம்வரை போனார். 1944 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் அரசின் பக்கமும் மூவர் அவர் பக்கமும் நின்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக், சாசனப் பிரதியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததற்குப் பேர்போனவர்.

தவறு நடந்தது, பிறகு திருத்திக்கொண்டார்களே என்று உடனே பதில் வரும். யார் திருத்தியது? இளம் வயதில் முகாமில் அடைபட்டிருந்த ஐகோ ஹெர்சிக் யோஷினாகா என்ற பெண்மணியும், பீட்டர் அயன்ஸ் என்ற ஆய்வாளரும் பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டினார்கள். ஜப்பானிய வம்சாவளியினரை மொத்தமாக அடைக்கத் தேவையில்லை என்று கடற்படை உளவுத்துறை அதிகாரி ஒருவரே அறிக்கை கொடுத்திருந்ததும், அது தெரிந்தும் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்திடம் மறைத்ததும் வெளியே வந்தன. இளம் வழக்கறிஞர்கள் கூலி வாங்காமல் வாதாடினார்கள். முகாமில் கிடந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். 1983-ல்தான் கோரமாட்சுவின் தண்டனை ரத்தானது. 1988-ல் வந்த சட்டம், அதுவரை உயிரோடிருந்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. 1944-ல் சொன்ன தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வாய்திறந்து சொல்ல 2018 ஆனது, அதுவும் வேறொரு வழக்கின் நடுவில். 74 ஆண்டு காத்திருப்பைப் பாதுகாப்பு என்று எந்த மனச்சாட்சி ஒப்புக்கொள்ளும்?

போர்க்காலப் பதற்றம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. நிறம் பார்த்து வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-லேயே திருத்தம் வந்தது. ஆனால் 1964-ல் மிசிசிப்பி மாநிலத்தின் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் தடியடிபட்டு, 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே மிசிசிப்பியில் அந்த எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு அறுபதை நெருங்கியது. அந்தச் சட்டத்தின் முதுகெலும்பான பிரிவை 2013-ல் உச்ச நீதிமன்றம் செயலிழக்க வைத்தது. அன்றைய தினமே டெக்சாஸ், வாக்காளர்களிடம் கூடுதல் அடையாளச் சான்று கேட்கும் விதியை அமல்படுத்துவதாக அறிவித்தது.

2002-ல் பயங்கரவாதச் சந்தேகத்தில் சிகாகோ விமான நிலையத்தில் பிடிபட்ட ஹோசே பதியா நியூயார்க்கில் பிறந்த குடிமகன். பின்னாளில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றே சொன்னது. ஆனால் அந்த நீதிமன்றத்தைக் கண்ணில் காட்டாமல், ‘எதிரிப் போராளி’ என்று முத்திரை குத்தி, மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ராணுவக் காவலில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் குவாண்டனாமோ ராணுவச் சிறையிலிருந்த கைதிகளுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. 1942-ல் நடந்ததை நீதிபதிகளுக்கு நினைவூட்டிய அந்த மனுவின் மேல் இருந்த பெயர் ஃபிரெட் கோரமாட்சு. அப்போது அவருக்கு வயது 84.