எண்ணப்படாத நாட்கள்

"வரி கட்டுறேன் சார், இது என் நாடு. கேக்க எனக்குத்தான் உரிமை" என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கிரிவலப் பாதை டீக்கடையில் வாரம் ஒருமுறையாவது இது காதில் விழுந்துவிடுகிறது. வரியும் நாடும் ஒரே கணக்கு இல்லை ஐயா. அவற்றைப் பார்ப்பதும் ஒரே அலுவலகம் இல்லை.

வருமானவரித் துறை நிதி அமைச்சகத்தின் பிள்ளை. எத்தனை நாள் இருந்தாய், எவ்வளவு சம்பாதித்தாய் என்பதே அதன் கேள்வி. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே தங்கிய வெள்ளைக்காரரும் அதன் ஏட்டில் 'இந்தியாவில் வசிப்பவர்'தான். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது அதற்கு இரண்டாம்பட்சம். குடிவரவுத் துறை உள்துறையின் கீழ் வருவது. நீ யார், என்ன விசா, எப்போது கிளம்புகிறாய் என்று அது கேட்கும். ரமணாசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டவருக்கு அறை விடுகிறவர்களுக்கு இது தெரியும். ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் ஏற்றியாக வேண்டும். வாடகை வருமானத்துக்கு ஒழுங்காக வரி கட்டுகிறவர் என்பதால் படிவத்திலிருந்து விலக்கு கிடைக்காது. படிவம் போட்டாச்சு என்று சொன்னால் வரித்துறையும் விடாது.

இந்தப் பிரிவினை சரிதான். பணம் கட்டியவனே குடிமகன் என்றால் இந்த நாட்டில் பாதிப்பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். என் சண்டை அதோடு இல்லை.

தேவைப்பட்டால் இந்த இரண்டு துறைகளும் பேசிக்கொள்கின்றன என்பதுதான் விஷயம். வரி வழக்கில் சிக்கியவர் மீது வருமானவரித் துறை லுக் அவுட் நோட்டீஸ் கேட்கலாம். விமான நிலையத்தில் அவரை நிறுத்துவது குடிவரவு அதிகாரி. ஒருவரைப் பிடிக்க ஒன்றாகச் சேர்கிறார்கள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டி வரும்போது மட்டும் "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை."

என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் 1990-இல் ஆறு வயதில் படகேறி வந்தவர். நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்றவர். "சோப்பு வாங்கினாலும் எங்ககிட்டயும் ஜிஎஸ்டி எடுக்கினம்தானே அண்ணே. நீ எந்த ஊர்னு கேட்டா மட்டும் முகாம்" என்றார், உருளையைக் கீழே வைக்காமலே.

மொத்தம் 12 ஆண்டு இங்கே வசித்த வெளிநாட்டவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். ஆனால் உரிய ஆவணமில்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருக்கு அந்தக் கதவு கிடையாது. குண்டுக்குத் தப்பி ஓடிவந்தவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்? 2019-இன் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2025-இல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லது. ஆனால் சிறையில் போடமாட்டோம் என்பதும் நீ எங்களவன் என்பதும் ஒன்றாகுமா?

வரி கட்டியதற்கு ரசீதாக அவருக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாழ்ந்ததற்குக் கொடுங்கள் என்கிறேன். வரிக்காக ஒருவருடைய 182 நாட்களை எண்ணத் தெரிந்த அரசுக்கு, பெயிண்ட்காரரின் முப்பத்தைந்து வருடங்களை எண்ணத் தெரியாதா என்ன?