பசியாறிட்டீங்களா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் லாயாங் லாயாங். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் எனும் ரப்பர், இன்று எண்ணெய் தரும் செம்பனை. இப்படிப்பட்ட ஊர்களில் மருத்துவ முகாமுக்குத் தொண்டாற்றப் போக விரும்பும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் தமிழ்நாட்டில் பலர். போகட்டும். ஆனால் தடுப்பூசியும் பெட்டியும் தயாரானால் ஆயத்தம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

தடுப்பூசிக்கே அவசரம் உதவாது. ஹெபடைடிஸ் பி மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆகும். புறப்படும் வாரத்தில் நினைத்துக்கொண்டால் நடக்காது.

அடுத்தது சட்டம். நம் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு அங்கே செல்லாது. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, வெளிநாட்டு மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்திடம் தற்காலிகத் தொழிற்சான்று பெற வேண்டும். செவிலியருக்கும் தாதியர் வாரியத்தின் அனுமதி வேண்டும். சுற்றுப்பயணியாக இறங்கி முகாமில் மருந்துச்சீட்டு எழுதினால் அது சட்டமீறல். மாதிரி மாத்திரைகளைப் பெட்டியில் அள்ளிப் போடுவதும் வேண்டாம். நச்சுப்பொருள் சட்டம், அபாயகர போதைப்பொருள் சட்டம் இரண்டும் 1952 முதல் அங்கே இருக்கின்றன. தூக்க மாத்திரைக்கும் கடும் வலிநிவாரணிக்கும் சுங்கத்தில் பதில் சொல்ல நேரும்.

இந்தப் பயணத்துக்கு முன்னோடி உண்டு. 1946 மார்ச்சில் நேரு மலாயா போய் வந்த பிறகு, காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை அங்கு அனுப்பியது. ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில் பாதையும் தோட்டக் குடும்பங்களை உருக்குலைத்திருந்த நேரம் அது. நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி தேவர் அந்தக் குழுவோடு சேர்ந்து பணியாற்றினார். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானவர் அவர். வெளியிலிருந்து போகும் குழுவுக்கு ஊரறிந்த ஒரு கை வேண்டும் என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

இன்று தோட்டத்தின் முகமே வேறு. செம்பனைக் குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேபாளியும் மிகுதி. தமிழர்களில் பெரும்பாலோர் பட்டணம் போய்விட்டார்கள். அன்று கொன்றது மலேரியா. இன்று அரிப்பது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

மிஞ்சியிருக்கும் தமிழரோடு பேசுவதில் என்ன சிக்கல் என்பீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கும் மேசையில் ஒரு பெரியவரிடம், "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்பார். பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் அவருக்குச் சோறு. காலையில் ரொட்டி சானாயும் டின்பால் ஊற்றிய தேத்தண்ணியும் உள்ளே போயிருக்கும். அதற்குப் பெயர் பசியாறல். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்காதவரை உங்கள் கருவி காட்டும் எண்ணை நம்ப முடியாது. நோயின் பெயரும் அங்கே "இனிப்பு நீர்". கேள்வித் தாளை அச்சடிக்கும் முன் உள்ளூர்த் தாதி ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

கடைசியாக, பின்தொடர்தல். நீங்கள் கொடுக்கும் முப்பது நாள் மாத்திரை முப்பத்தோராம் நாள் இருக்காது. அரசு கிளினிக்கில் குடிமகனுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். நோயாளியை அங்கே பதியவைப்பது உங்கள் மாத்திரையைவிடப் பெரிய உதவி. அடையாள அட்டை இல்லாத தமிழருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்கு என்ன வழி என்பதை முகாமுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எங்கள் தொழிற்சான்றுக்கு யார் விண்ணப்பிக்கிறார்கள்? மருந்து எங்கே வாங்கப்படுகிறது? நாங்கள் விமானம் ஏறிய மறுநாள் நோயாளியின் அட்டை யார் கையில் இருக்கும்? மூன்றுக்கும் பதில் வராத முகாமுக்குப் போகாதீர்கள்.